செங்கணியானுக்கு ஒரு தொட்டி

ஓசூருக்கு அருகே தென்பெண்ணையாற்றின் வட்டாரத்தில், இராஜாஜி பிறந்த தொரப்பள்ளியில், மலையாளிகள் செங்கணியான் என்றும் மீன் கடைக்காரர்கள் மிஸ் கேரளா என்றும் அழைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை மீனை வளர்க்க விரும்புவோருக்குத் தட்பவெப்பம் துணைநிற்கிறது: சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூர்ப் பகுதியின் குளிர்ச்சி, மலையாற்று ஓட்டத்தில் பிறந்த அதற்குச் சென்னை வெக்கையைவிட நிச்சயம் ஏற்றது. மூக்கு நுனியிலிருந்து கண்ணின் வழியாக நடுவுடல்வரை ஓடும் சிவப்புக் கோடும் அதனடியில் வால்நோக்கி நீளும் கருங்கோடும் கொண்ட இம்மீன் கூட்டமாகவே நீந்தும் இயல்புடையது என்பதால், அழகுக்கு ஒன்று போதுமென வாங்கப்படும் தனி மீன் வடிகட்டியின் பின்னால் ஒடுங்கிக் கிடக்கும். ஆறு மீன்களேனும் வேண்டும், விரலளவில் விற்கப்படுபவை 15 செ.மீ. வரை வளர்வதால் நான்கடி நீளத் தொட்டியும் வேண்டும் (கடையில் இதைச் சொல்வது அரிது). பிரான்சிஸ் டே 1865இல் விவரித்த இவ்வினம், அலங்கார மீன் ஏற்றுமதிக்காக ஆறுகளில் அள்ளப்பட்டு இன்று அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருப்பதால், பண்ணையில் பொரித்த குஞ்சுதானா என்று கேட்டு வாங்குவதே முறை. மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியா என்னும் நச்சை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும். தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி வருவோர் இழக்கும் மீன்களில் பெரும்பாலானவை அந்தச் சில வாரங்களுக்குள்ளேயே மிதக்கின்றன.