குளக்கரையே பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடங்களில் சுற்றுச்சூழல் பாடத்தைக் கட்டாயமாக்க வேண்டுமென்று 1991ஆம் வருஷத்திலேயே சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. பாடம் வந்தது, புத்தகமும் வந்தது. ஆனால் நம் பிள்ளைகள் குளத்தை அனேகமாகப் படத்தில்தான் காண்கிறார்கள். தலைப்பிரட்டைப் படத்துக்கு வர்ணம் பூசி மார்க்கு வாங்குகிற பிள்ளை, தன் தெருக்கோடிக் குட்டையில் அது நெளிவதைக் கண்டதில்லையென்றால் அதற்குப் படிப்பென்று பெயரா? நெட்டுருப் போடப் புராணமே போதுமே, விஞ்ஞானம் எதற்கு?

வடக்குத்து, நெய்வேலித் தோழர்களுக்கு இது சுலபமாய் விளங்கும். அங்கே வெட்டியெடுக்கிற பழுப்பு நிலக்கரி எந்தக் கடவுளும் புதைத்து வைத்ததல்ல. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் சதுப்பு நிலத்தில் வளர்ந்த மரஞ்செடிகள் அரைகுறையாய் மக்கி, மண்ணுக்கடியில் அழுந்திக் கரியாயின. இதை அறிய வேண்டிய பிள்ளை ஊர்க் குட்டையிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

குளத்தில் பாசி வெயிலைக் கொண்டு உணவு உண்டாக்குகிறது. பாசியைச் சிறு பூச்சியும் தலைப்பிரட்டையும் தின்கின்றன. தட்டானின் குஞ்சு தண்ணீருக்குள்ளேயே இருந்து கொசுப்புழுவைத் தின்று வளர்கிறது. அதை மீன் தின்கிறது. மீனைக் கொக்கு தின்கிறது. செத்ததெல்லாம் மக்கிப் பாசிக்கு உரமாகிறது. இந்தக் குளத்தில் சாக்கடையை விட்டு மீனையும் தட்டானையும் கொன்றால் மிஞ்சுவது கொசுதான். சாக்கடைக் கொசுதான் யானைக்கால் கிருமியைச் சுமப்பது. கால் வீங்கிய பிறகு சாமிக்கு நேர்ந்துகொண்டு பயனென்ன?

மழை வேண்டித் தவளைக்குக் கல்யாணம் செய்கிறார்களே, குளக்கரையில் நாலு நாள் உட்கார்ந்த பிள்ளையைக் கேளுங்கள். மழை பெய்து குட்டை நிரம்பியதும் ஆண் தவளை பெண் தவளையைக் கூப்பிடுகிறது; அதற்குப் புரோகிதன் தேவையில்லை என்று சொல்லும்.

நிற்க, தண்ணீரைப் பற்றிய அறிவு சாதியையும் அசைக்கும். 1927 மார்ச்சு 20ந் தேதி, அப்போதைய பம்பாய் மாகாணத்து மகாட் என்ற ஊரில், தோழர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு சென்று சவுதார் குளத்துத் தண்ணீரைக் குடித்தார். குளம் தீட்டாகிவிட்டதென்று மேல்சாதியார் அதில் சாணியும் மூத்திரமும் பாலும் தயிரும் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். மனிதன் கை பட்டால் தீட்டு. மாட்டு மூத்திரம் விழுந்தால் சுத்தமாம்! மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்த்த பிள்ளையிடம் இந்த மோசடி செல்லுமா?

ஆகவே, உபாத்தியாயர்களும் பெற்றோர்களும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆண் பெண் பாராமல், சேரி ஊர் என்று பிரிக்காமல், பிள்ளைகளைக் குளக்கரைக்கு அழைத்துப் போக வேண்டும். ஒரு வெள்ளைக் கிண்ணம், ஒரு துண்டுக் கொசுவலை, ஒரு பூதக்கண்ணாடி போதும். நீந்தத் தெரிந்த பெரியவர்கள் கூட இருக்கட்டும்; ஆழத்தில் யாரையும் இறங்க விடக்கூடாது. பிடித்ததைப் பார்த்த பின் தண்ணீரிலேயே விட்டுவிடட்டும். கண்ணால் கண்டதை எழுதச் சொல்லுங்கள். நாம் இங்கே எழுதியதையும் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தவறென்று கண்டால் தள்ளிவிடட்டும்.