ஓட்டல் மாதிரி ஏன் இருக்க வேண்டும்?

வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தவரை மகிழ்விக்க நம்மிடம் ஒரு வாசகம் எப்போதும் தயாராக இருக்கிறது: "அப்படியே ஓட்டல்ல சாப்பிட்ட மாதிரி இருக்கு!" கேட்டவருக்கு அன்று பட்ட பாடெல்லாம் பறந்துபோகும். யூடியூப் சமையல் வீடியோக்களைப் பாருங்கள். 'ரெஸ்டாரண்ட் ஸ்டைல்' என்ற அடைமொழி இல்லாமல் பன்னீர் பட்டர் மசாலாவும் ஃப்ரைடு ரைஸும் அங்கே விலைபோவதே இல்லை. இப்போது அந்த ஆசை இன்னொரு படி ஏறி 'ஃபைன் டைனிங்' வரை போய்விட்டது. ஏழு கோர்ஸ், அச்சடித்த மெனு, கறுப்புத் தட்டில் வட்டமாகப் புளிச்சாற்றுச் சொட்டுகள். நல்ல விருந்து என்றால் நல்ல ஓட்டலை எட்டிப்பிடிப்பது, எவ்வளவு நெருங்குகிறோமோ விருந்தாளிக்கு அவ்வளவு மரியாதை என்று படித்தவர்கள், ஊர் உலகம் சுற்றியவர்கள் எல்லோரும் நம்புகிறார்கள். வீட்டு விருந்தைக் கெடுப்பதில் இந்த நம்பிக்கைக்கு இணையாக வேறொன்று இல்லை.

ஓட்டலில் சமையல் எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். ஆர்டர் கொடுத்த பத்து நிமிடத்தில் பன்னீர் பட்டர் மசாலா மேஜைக்கு வருகிறதே, எப்படி? காலையிலேயே வெங்காயம் தக்காளி கிரேவி ஒரு அண்டா, முந்திரியும் முலாம்பழ விதையும் அரைத்த வெள்ளை கிரேவி ஒரு அண்டா, வெண்ணெய் போட்ட மக்கானி கிரேவி ஒரு அண்டா என்று கொதித்து ஆறிக் காத்திருக்கும். சீட்டு வந்ததும் வாணலியில் இதில் ஒரு கரண்டி, அதில் அரைக் கரண்டி, மேலே பன்னீர், கிரீம், கசூரி மேத்தி. மெனு கார்டில் முப்பது கறிகள் இருக்கும். அடுப்படியில் இருப்பது அந்த மூன்றுதான். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். நூறு பேர் நூறு விதமாகக் கேட்பதை ஒரே நேரத்தில் கொடுத்தாக வேண்டியவர்களின் சாமர்த்தியம் இது. ஆனால் உங்கள் வீட்டுக்கு வரும் ஆறு பேர் மெனு பார்த்து ஆர்டர் செய்யப்போவதில்லை. ஓட்டல்காரருக்கு இருக்கும் சிக்கல் உங்களுக்கு இல்லவே இல்லை. பிறகு எதற்காக வெங்காயத்தை வேகவைத்து, அரைத்து, சல்லடையில் வடிகட்டி, அவருடைய தீர்வை உங்கள் அடுப்பில் நகலெடுக்க வேண்டும்?

நகலும் சரியாக வராது. ஃப்ரைடு ரைஸுக்கு அந்தப் புகை மணம் வருவது சீறி எரியும் பெரிய பர்னரால்; வீட்டு கேஸ் அடுப்பின் சூடு அதில் சிறு பங்குகூடக் கிடையாது. தந்தூர் அடுப்பு 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வீட்டு ஓவன் 250 டிகிரியிலேயே நின்றுவிடும். சோயா சாஸை எவ்வளவு ஊற்றினாலும் இந்த இடைவெளி நிரம்பாது.

இதெல்லாம் சாதாரண ஓட்டல் கதை. ஃபைன் டைனிங்கின் கதை இன்னும் வேடிக்கை. ஃபிரெஞ்சு செஃப் எஸ்கோஃபியே 1890களில் லண்டன் சவாய் ஓட்டலின் அடுப்படியை நடத்தியபோது அதை ஏறக்குறைய ஒரு பட்டாளமாகவே ஆக்கினார். சாஸுக்கு ஓர் ஆள், வறுவலுக்கு ஓர் ஆள், மீனுக்கு ஓர் ஆள், குளிர்ந்த பதார்த்தங்களுக்குத் தனி ஆள், இவர்களுக்குக் கீழே உதவியாளர்கள். அவரவர் வேலை முடிந்து எல்லாம் ஒரே தட்டில் ஒரே நொடியில் வந்து சேரும். இன்றும் பெரிய உணவகங்களின் அஸ்திவாரம் அதுதான். கட்டலோனியக் கடற்கரையில் ஃபெரான் அட்ரியாவின் எல்புல்லி உணவகத்தில் ஓர் இரவுக்குச் சுமார் 50 பேர் சாப்பிட்டார்கள். உள்ளே சமைத்தவர்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ அதே அளவு. அவர்களில் பலர் சம்பளம் வாங்காமல் தொழில் கற்க வந்தவர்கள். வருடத்தில் பாதி மாதங்கள் கடையை மூடிவிட்டுப் புது உணவுகளைக் கண்டுபிடித்தார்கள். அந்த எல்புல்லியே 2011இல் மூடப்பட்டது. உலகின் சிறந்த உணவகம் என்று ஐந்து முறை பட்டியலில் முதலிடம் பிடித்தது கோபன்ஹேகனின் நோமா. தன்னிடம் தொழில் பழக வந்தவர்களுக்கு அது ஊதியம் கொடுக்கத் தொடங்கியதே 2022இல்தான். சில மாதங்களிலேயே, 2023 ஜனவரியில், இந்த முறையில் உணவகம் நடத்துவது இனிக் கட்டாது என்று அதன் உரிமையாளர் ரெனே ரெட்செப்பி அறிவித்துவிட்டார். சம்பளமில்லாத கைகள் அத்தனை இருந்தும் அவர்களுக்கே கட்டுப்படியாகாத ஒன்றை, மூன்று பர்னரையும் ஒரு பிரஷர் குக்கரையும் வைத்துக்கொண்டு சனிக்கிழமை ராத்திரி நாம் செய்து காட்டக் கிளம்புகிறோம்.

கோர்ஸ் கோர்ஸாகப் பரிமாறுவதுதான் நாகரிகம் என்று வேறு ஒரு நினைப்பு. ஐரோப்பாவிலேயே அது ஆதிகால வழக்கமல்ல. 18ஆம் நூற்றாண்டு வரை பிரான்சின் பெரிய வீடுகளில் பல பதார்த்தங்களை ஒன்றாக மேஜையில் பரப்பிவிடுவார்கள். அவரவர் கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்வார்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் சுடச்சுடக் கொண்டுவந்து வைக்கும் முறை 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யப் பிரபுக்களிடமிருந்து வந்தது. இன்றும் அதற்கு ரஷ்ய முறை என்றே பெயர். நாற்காலிக்கு நாற்காலி பின்னால் ஓர் ஆளை நிறுத்த வசதி இருந்தவர்களின் வழக்கம் அது. நம் வீட்டில் அந்த ஆள் யார்? அழைத்தவரேதான். ஏழு கோர்ஸ் என்றால் ஏழு முறை அவர் எழுந்து போக வேண்டும், ஏழு முறை அடுக்க வேண்டும், ஏழு முறை பழைய தட்டை எடுக்க வேண்டும்.

இப்படி ஒரு விருந்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். டொரண்டோவிலிருந்து பல வருடங்களுக்குப் பிறகு வந்திருந்த நண்பருக்காக இன்னொரு நண்பர் அண்ணா நகர் வீட்டில் ஏற்பாடு செய்தது. நான்காவது கோர்ஸ் மீன். அதன்மேல் மோர்க்குழம்பு நுரை. கிரீம் நுரைக்கும் குப்பியில் மோர்க்குழம்பை ஊற்றி வாயு ஏற்றியிருந்தார். வடிகட்டியபோது தப்பிய ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு குப்பியின் மூக்கை அடைத்துக்கொண்டது. உள்ளேயிருந்து "அஞ்சு நிமிஷம், யாரும் ஆரம்பிச்சிடாதீங்க" என்று குரல் வந்தது. எட்டிப் பார்த்தால், பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ் பின்னை எங்கிருந்தோ தேடி எடுத்து மனிதர் குத்திக்கொண்டிருக்கிறார். மீன் ஆறிப்போய்த் தோல் சுருங்கிவிட்டது. கடைசியில் நுரை வந்தது, ஒரு ஸ்பூன் அளவு. அதை எல்லோரும் போட்டோ எடுத்தோம். டொரண்டோக்காரரின் தாயார் காலமான வருடம் அது. அதைப் பற்றி அவரிடம் பேச அன்று ஒருவருக்கும் வாய்க்கவில்லை. ஒவ்வொரு தட்டு வந்தபோதும் தட்டைப் பற்றியல்லவா பேச வேண்டியிருந்தது!

ஓட்டலைப் பின்பற்றும் விருந்தின் உண்மையான கோளாறு இதுதான். சாப்பாடு தன்னைக் கவனிக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். உணவகத்தில் அது நியாயம், காசு கொடுத்து அதைக் கவனிக்கத்தான் போகிறோம். வீட்டுக்கு வருபவர் உங்களைப் பார்க்க வருகிறார்.

சாப்பாட்டை முதலில் வைக்கும் இந்தப் போக்கு பெயர்போன விருந்துக்காரர்களுக்கே வினையாகியிருக்கிறது. 1671 ஏப்ரலில் பிரான்சின் ஷாந்தியி மாளிகையில் பதினான்காம் லூயி மன்னருக்கு விருந்து. ஏற்பாட்டுக்குப் பொறுப்பு வத்தேல். காலையில் வர வேண்டிய மீனில் சிறிதளவே வந்திருந்தது. மானம் போயிற்று என்று அறைக்குள் போய் வாளில் பாய்ந்து உயிரை விட்டார். அதற்குப் பின் மீதி மீன் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்து மதாம் செவின்யே எழுதிய கடிதங்களால் இந்தக் கதை நமக்குத் தெரிகிறது. சமையல் உலகில் இதைக் கடமையுணர்வின் காவியமாகச் சொல்வார்கள். எனக்குப் படுவது வேறு. ஒரு வேளை மீன் இல்லாவிட்டால் என்ன, இருப்பது போதாதா என்று கேட்க அந்த மாளிகையில் ஒருவர்கூட இல்லை.

"பார்த்தீர்களா, இதற்குத்தான் பழைய வழக்கமே நல்லது" என்று யாராவது புறப்படுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: நம் பழைய வழக்கமும் யோக்கியமானதல்ல. விருந்தாளிகளுக்குச் சுடச்சுட தோசை போகவேண்டும் என்று ஒரு பெண் இரண்டு மணி நேரம் கல்லின் முன்னால் நிற்பாள். "நீயும் உட்காரேன்மா" என்று ஒப்புக்கு ஒரு குரல் வரும். அடுத்த வாயிலேயே "இன்னொண்ணு முறுவலா" என்று கேட்கும். அவள் சாப்பிடும்போது சட்னி வழித்த கிண்ணம்தான் மிச்சம். அப்போது தோசைக்கல், இப்போது நுரைக் குப்பி. இப்போது சில வீடுகளில் ஆண்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு களமிறங்கியிருக்கிறார்கள், நல்ல மாற்றம்தான். ஆனால் நுரை அடித்தவரின் படம் அன்று ராத்திரியே இன்ஸ்டாகிராமில் ஏறிவிடும். ஏழு கோர்ஸுக்கு ஆறு பேர் என்றால் நாற்பத்திரண்டு தட்டுகள். அவற்றைத் தேய்க்க மறுநாள் காலை வேலைக்கு வரும் அம்மாவுக்கு அன்று கூடுதலாக ஏதும் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சமையல் எனக்குக் கலை, அதைப் பகிரக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகப் பகிரலாம். ஆனால் புதுப் பதார்த்தத்தை ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டு மனிதர்களிடம் நாலு முறை செய்து பார்த்துத் தேறிய பிறகு பகிரலாம். உணவகத்தில் ஒரு தட்டு உங்கள் மேஜைக்கு வருவதற்கு முன் அதே கைகளால் நூற்றுக்கணக்கான முறை செய்யப்பட்டிருக்கும். அந்தத் தேர்ச்சிக்காகத்தான் அவர்கள் கேட்கிற விலையைக் கொடுக்கிறோம். நல்ல உணவகத்துக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. காசு சேர்த்துப் போங்கள், ரசித்துச் சாப்பிடுங்கள். அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், அவ்வளவுதான்.

நாம் இங்கே ஓட்டலை நகலெடுக்க, ஓட்டல்கள் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கின்றன. நியூயார்க்கின் 'செம்ம' உணவகம் 2022இல் மிஷலின் நட்சத்திரம் பெற்றது. அதன் செஃப் விஜய்குமார், திண்டுக்கல் பக்கம் நத்தத்தைச் சேர்ந்தவர். 2025இல் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த செஃப் என்ற ஜேம்ஸ் பியர்ட் விருதும் அவருக்குக் கிடைத்தது. அந்தக் கடையின் பேர்போன பதார்த்தங்களில் ஒன்று நத்தைப் பிரட்டல். சின்ன வயதில் வயலில் பொறுக்கிவந்த நத்தையை வீட்டில் சமைத்த நினைவிலிருந்து வந்தது. நத்தைக்கு இடம்பிடிக்க மன்ஹாட்டன்காரர் காத்திருக்கிறார். நத்தம் இருக்கும் அதே தமிழ்நாட்டில் ஒருவர் மோர்க்குழம்பை நுரையாக்கிக்கொண்டிருக்கிறார்.

ஃபிரெஞ்சுச் சமையலை அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுபோன ஜூலியா சைல்டுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. அவரும் இரண்டு ஃபிரெஞ்சுத் தோழியரும் சேர்ந்து 1961இல் வெளியிட்ட சமையல் நூலின் முன்னுரையிலேயே, வேலையாள் வைத்துக்கொள்ளாத வீட்டுக்காரருக்காக எழுதியது என்று சொல்லிவிட்டார்கள். செய்முறைகளின் நடுவில் அங்கங்கே ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். இதுவரை முன்கூட்டியே செய்து வைத்துவிடலாம், மீதியைப் பிறகு முடிக்கலாம் என்று அதற்கு அர்த்தம். வீட்டில் சமைப்பவருக்கு மிஷலின் தருகிற நட்சத்திரத்தைவிட இந்த நட்சத்திரம்தான் உபயோகம். ஒருமுறை தொலைக்காட்சியில் ஜூலியா உருளைக்கிழங்கு அடையைத் திருப்பும்போது அது அடுப்பின் மேல் சிந்தியது. பொறுக்கி வாணலியில் போட்டுவிட்டு அவர் பாட்டுக்குத் தொடர்ந்தார். சமைத்தவர் மன்னிப்புக் கேட்கக் கூடாது என்பது அவருடைய கட்சி. கேட்டால் விருந்தாளி ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும், அது அவருக்கு ஒரு வேலை.

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரையாவது அழையுங்கள். மூன்று பதார்த்தம் போதும், நூறு முறை செய்து கை பழகியவை. வத்தக்குழம்பும் மட்டன் குழம்பும் மறுநாள்தான் ருசிக்கும், சனிக்கிழமையே வைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டு நீங்களும் அவர்களோடு ஒரே நேரத்தில் உட்காருங்கள். வேண்டியதை அவரவர் போட்டுக்கொள்ளட்டும். இனிப்பைக் கடையில் வாங்குங்கள். பாரிசில் விருந்து வைப்பவர்கள் கேக்கைப் பேஸ்ட்ரி கடையில் வாங்குவதற்கு வெட்கப்படுவதில்லை. அடையாறிலும் கோயம்புத்தூரிலும் அதைவிட நல்ல இனிப்புக் கடைகள் இருக்கின்றன. அழைப்பு மணி அடிக்கும்போது அடுப்பு அணைந்திருக்கட்டும். சாதம் ஆறாமல் பார்த்துக்கொள்ள ஹாட் பேக் இருக்கிறது.