காட்டுவதற்கென்றே கட்டிய மாளிகை

இங்கிலாந்தின் டார்பிஷயரில் இருக்கும் கெடில்ஸ்டன் ஹாலைக் கட்டடக்கலையின் உச்சம் என்பார்கள். மறுப்பதற்கில்லை. ஆனால் குடும்பம் நடத்தக் கட்டிய வீடு என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனால் பாதி விஷயம் புரியாது.

அதன் உரிமையாளர் நதானியேல் கர்சன் 1759-இல் வேலையைத் தொடங்கினார். பிரெட்டிங்ஹாம், ஜேம்ஸ் பெய்ன் ஆகிய கட்டடக்கலைஞர்களைத் தாண்டி, ரோமிலிருந்து திரும்பியிருந்த ராபர்ட் ஆடம் என்ற இளைஞரிடம் பொறுப்பு வந்து சேர்ந்தது. கான்ஸ்டன்டைன் மன்னனின் வெற்றி வளைவுதான் அவருடைய தெற்கு முகப்புக்கு மாதிரி. மார்பிள் ஹாலில் 20 அலபாஸ்டர் தூண்கள், ஒவ்வொன்றும் சுமார் 25 அடி. வெளிச்சம் கூரையிலிருந்து இறங்குகிறது. அடுத்து வட்டமான சலூன். 62 அடி உயரக் குவிமாடம், ரோமின் பாந்தியன் கோயிலை நினைத்துப் போட்டது. டார்பிஷயர் குளிருக்கு என்ன செய்தார்கள்? மாடங்களில் நிற்கும் பலிபீடங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தால், அத்தனையும் வார்ப்பிரும்பு அடுப்புகள்!

இந்தப் பகட்டெல்லாம் நடுக்கட்டடத்தில். குடும்பம் வசித்தது ஒரு பக்கவாட்டுக் கட்டடத்தில், சமையலறை எதிர்ப்பக்கத்தில். சாப்பாடு வளைந்த தாழ்வாரத்தைக் கடந்து மேசைக்கு வரவேண்டும். அதற்குள் ஆறிப்போயிருக்காதா!

பார்வைக்கு இடைஞ்சல் என்று பக்கத்திலிருந்த கிராமத்தையே பெயர்த்து வேறிடத்தில் வைத்தார் கர்சன். பழைய தேவாலயம் மட்டும் தப்பியது. தூண்களின் உயரத்தைச் சொல்லி வியக்க வைப்பவர்கள், அந்த ஊரையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். மாளிகையைச் சுற்றிக்காட்டும் பழக்கம் புதிதல்ல. வீட்டு மேற்பார்வையாளரான திருமதி கார்னெட் 18-ஆம் நூற்றாண்டிலேயே விருந்தாளிகளை அறை அறையாக அழைத்துப் போனவர். 1777-இல் வந்த எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன், நகர மன்றத்துக்குப் பொருத்தமான கட்டடம் என்று கிண்டலடித்தார். கிண்டலானாலும் சரியான கணிப்பு.

ஆடமின் வரைபடத்தில் பக்கவாட்டுக் கட்டடங்கள் நான்கு, எழும்பியவை இரண்டே. நான்கும் முழுமையாக எழுந்தது கல்கத்தாவில். கெடில்ஸ்டனை மாதிரியாக வைத்து சார்லஸ் வயாட் வரைய, 1799 முதல் 1803 வரை கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு அரசு மாளிகையைக் கட்டினார். தஞ்சாவூரும் ஆற்காட்டு நவாபின் சீமையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனதும் அவருடைய ஆட்சியில், அதே ஆண்டுகளில்தான். மாளிகையின் செலவுக் கணக்கைப் பார்த்து லண்டனில் கம்பெனி இயக்குநர்கள் கொதித்தார்கள். ஆனாலும் மாளிகை நிலைத்துவிட்டது. கெடில்ஸ்டனில் பிறந்த கர்சன் பிரபுவே 1899-இல் வைஸ்ராயாக அந்தக் கல்கத்தா மாளிகையில் குடிபுகுந்தார்.