கோழிக்குக் கொடுத்த மருந்துக்குக் கடைக்காரரா பொறுப்பு?



பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் என்று எந்த ஊர்க் கறிக்கோழிக் கடையிலும் இன்று வாடிக்கையாளர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இது ஊசி போட்ட கோழியா?" இதற்கு நம் கடைக்காரர்கள் சிரித்து மழுப்பிவிடுகிறார்கள். மழுப்புவதற்கு உரிய கேள்வி அல்ல இது. பாதி வதந்தி, பாதி உண்மை என்பதால் இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்பது வதந்தி. ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு ஒவ்வொன்றாக ஊசி போடுவது எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. சுமார் 40 நாளில் இரண்டு கிலோ எடை வருவதற்குக் காரணம், பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனமும் சத்தான தீவனமுமே.

ஆனால் ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தீவனத்திலும் தண்ணீரிலும் கலந்து கொடுக்கப்படுவது உண்மை. நோய் வந்த கோழிக்கு மருந்து கொடுப்பது குற்றமல்ல. கொடுத்த மருந்து உடலை விட்டு நீங்குவதற்குள் கோழியைப் பிடித்து விற்பதுதான் குற்றம். 2012இல் திருத்தப்பட்ட மருந்து விதிகளின்படி, இந்த இடைவெளி நாட்களை மருந்து லேபிளிலேயே அச்சிட வேண்டும். அச்சிடாவிட்டால், இறைச்சிக் கோழிக்குக் குறைந்தது 28 நாள் என்று கொள்ள வேண்டும். 40 நாள் வாழும் கோழிக்கு 28 நாள் இடைவெளி என்றால், 12ஆம் நாளுக்குப் பிறகு அந்த மருந்து கூடாது என்பதே பொருள். நடைமுறையில் இது எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

2014ஆம் ஆண்டு டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் டெல்லி வட்டாரத்தில் வாங்கிய 70 கோழி மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 40 சதவீதத்தில் மருந்து எச்சம் இருந்தது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தையே எதிர்த்து நிற்கும் கிருமிகள் சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் மனிதரிடமும் கண்டறியப்பட்ட செய்தி 2015இல் வெளிவந்தது. மத்திய அரசு 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டினைத் தடை செய்தது. 2025 மார்ச்சில் குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் மருந்துகளும் தடை செய்யப்பட்டன. நம் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை தடைகளும்.

தடைகளை வரவேற்கிறோம். ஆனால் பொறுப்பு யார் தலையில் வந்து விழுகிறது என்பதே நமது கேள்வி.

இன்று கறிக்கோழி பெரும்பாலும் ஒப்பந்த முறையில்தான் வளர்கிறது. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனியுடையது. பண்ணைக்காரருக்கு வளர்ப்புக் கூலி மட்டுமே. என்ன மருந்து, எந்தத் தேதியில் என்பது கம்பெனிக்கும் பண்ணைக்கும்தான் தெரியும். விடியற்காலையில் வண்டியிலிருந்து கூண்டை இறக்கிக்கொள்ளும் கடைக்காரருக்கு எடையும் விலையும் மட்டுமே தெரியும். ஆனால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுக்க வருவது அவர் கடைக்குத்தான். பண்ணையில் நடந்ததற்குக் கடையில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இங்கே முக்கியம். யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத பொருளுக்கும், பாதுகாப்பற்றது என்று தெரிந்தே வாங்கிய பொருளுக்கும் விற்பவரே பொறுப்பு என்கிறது அது. "பில் எதற்கு, நாலு வருஷப் பழக்கம்" என்று வாங்குகிற கடைக்காரர் தாமாகவே வலையில் தலையைக் கொடுக்கிறார். எடுக்கும் மாதிரி நான்கு பங்காகப் பிரிக்கப்படும். அதில் ஒன்றை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும்படி கேட்க 47ஆம் பிரிவு நமக்கு உரிமை தருகிறது. இதை எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்?

எனவே நாம் செய்ய வேண்டியவை:

1. ஒவ்வொரு லோடுக்கும் பில் கேட்டு வாங்குங்கள். அதில் பண்ணையின் பெயரும் கோழி பிடித்த தேதியும் இருக்கட்டும்.

2. கடைசியாகக் கொடுத்த மருந்து, கொடுத்த தேதி, இடைவெளி முடிந்த தேதி ஆகியவற்றை எழுதிய சீட்டைக் கம்பெனியிடம் எல்லோரும் சேர்ந்து கேட்போம். ஒருவர் கேட்டால் அடுத்த கடைக்குப் போவார்கள். ஊரே கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

3. தீவனக் கடை, கால்நடை மருந்துக் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் மருத்துவர் சீட்டின்றி ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாம். தடை செய்யப்பட்ட சரக்கு அலமாரியில் இருந்தால் இன்றே திருப்பி அனுப்புங்கள். இதில் நமக்கு நாமே சலுகை கொடுத்துக்கொண்டால் மற்றவரைக் கேட்கும் வாய் நமக்கு இருக்காது.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. கோழி வண்டியில் ஏறும் முன்பே பண்ணையில் மாதிரி எடுங்கள். ஊற்றை விட்டுவிட்டு வாய்க்காலின் கடைமடையில் வந்து தண்ணீரைச் சோதிப்பதால் பயனில்லை.

சீட்டு கேட்டால் விலை ஏறும் என்பார்கள். ஒரு துண்டுக் காகிதத்துக்கு எவ்வளவு ஆகிவிடும்? வதந்திக்குக் கொடுத்த விலையை நாம் மறக்கவில்லை. 2020 பிப்ரவரி, மார்ச்சில், கோழியால் கொரோனா வரும் என்ற பொய் ஒன்றே கறி விலையைப் பாதாளத்தில் தள்ளியது. பொய்க்கே அந்தக் கதி என்றால், நம் ஊர்க் கோழியில் மருந்து எச்சம் என்று மெய்யாகவே ஒரு செய்தி வந்தால் என்னவாகும்? பாதிப்பு கறிக்கடையோடு நிற்காது. மக்காச்சோள விளைச்சலில் தமிழகத்தில் முன்னணியில் நிற்கும் மாவட்டம் பெரம்பலூர். அந்தச் சோளம் போய்ச் சேருவது கோழித் தீவனத்துக்குத்தான். கோழி விற்காவிட்டால் கமிஷன் மண்டியில் மூட்டை நகராது. விவசாயி கையில் காசு இல்லாவிட்டால் ஜவுளிக் கடையிலும் மளிகைக் கடையிலும் கல்லா நிறையாது.

ஆகவே இது கறிக்கடைக்காரர் பிரச்சினை என்று மற்றவர்கள் ஒதுங்க வேண்டாம். "ஊசி போட்ட கோழியா?" என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் சீட்டை எடுத்துக் காட்டி, "பார்த்து வாங்குங்கள்" என்று சொல்லும் நிலை வரவேண்டும். வியாபாரத்துக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை.