பலூன் பூவும் தமிழ் வினைச்சொற்களும்

ஆசிரியர் தினம், பரிசளிப்பு விழா, விடைபெறு விழா என எந்த நிகழ்ச்சியானாலும் இப்போதெல்லாம் பள்ளி மண்டபத்தில் பலூன் பூக்களைப் பார்க்க முடிகிறது. நீண்டு மெலிந்த பலூன்களை முறுக்கி, இதழும் தண்டும் இலையுமாக அமைத்து மேடையை அணிசெய்கிறார்கள். பார்ப்பதற்கு அழகுதான். ஆனால், அந்தப் பூக்களைச் செய்தவர் யார்? பெரும்பாலும் ஆசிரியர், இல்லையேல், பணம் கொடுத்து அழைத்துவரப்பட்ட கலைஞர். மாணவர்கள் வரிசையில் நின்று ஆளுக்கொன்று வாங்கிக்கொள்கிறார்கள். மாலைக்குள் அது உடைந்துபோகிறது.

அந்தப் பூவை மாணவர்களே செய்ய வேண்டும். தமிழில் பேசிக்கொண்டே செய்ய வேண்டும். இதுவே என் கருத்து.

காரணத்தைச் சொல்கிறேன். பெயர்ச்சொற்களைப் படஅட்டை காட்டிக் கற்பித்துவிடலாம். வினைச்சொற்கள் அவ்வாறு எளிதில் வசப்படுவதில்லை. 'முறுக்கு' என்றதும் நம் பிள்ளைகள் பலருக்குத் தீபாவளிப் பலகாரம்தான் நினைவுக்கு வருகிறது. முறுக்குவதால்தான் அப்பலகாரத்திற்கு அப்பெயர் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. கையில் பலூனைக் கொடுத்தால், "டீச்சர், இப்படி பூசிங் பண்ணவா?" என்று மலாய்ச் சொல்லைக் கலந்து கேட்கிறார்கள். திருப்பு, திருகு, முறுக்கு, சுழற்று ஆகிய நான்கும் வெவ்வேறு செயல்கள். இந்த வேறுபாட்டை அகராதியைவிடக் கைவிரல்கள் விரைவாகக் கற்றுக்கொடுக்கும்.

செய்முறையைப் பாருங்கள். இதற்குரிய பலூனை 260 என்ற எண்ணால் குறிப்பிடுவர். ஊதினால் ஏறத்தாழ 2 அங்குலத் தடிப்பும் 60 அங்குல நீளமும் இருக்கும். வாயால் ஊதுவது கடினம், கைப்பம்பு வேண்டும். நுனியில் இரண்டு விரல் அளவு ஊதாமல் விட்டு முடிச்சிட வேண்டும். முறுக்கும்போது நெருக்கப்படும் காற்றுக்கு ஒதுங்க இடம் வேண்டுமல்லவா? பின்னர் இருமுனைகளையும் சேர்த்துக் கட்டினால் வளையம் கிடைக்கும். வளையத்தை நெருக்கி இரட்டை வரிசையாக்கி, அதனை மூன்று சம பாகமாகப் பிரித்து, இரண்டு இடங்களில் முறுக்க வேண்டும். எப்போதும் ஒரே திசையில் முறுக்க வேண்டும். திசை மாறினால் அவிழ்ந்துவிடும். அடுத்து, விசிறிபோல் மடித்து, அவ்விரு முறுக்குகளையும் நடுவில் பிணைத்தால் ஆறு இதழ்கள் விரியும். பச்சைப் பலூனின் முனையில் சிறு குமிழ் ஒன்றை முறுக்கி, அதைப் பூவின் நடுவே செருகினால் தண்டு ஆயிற்று. தண்டை இடையில் மடித்து முறுக்கினால் இலை.

எத்தனை வினைகள் வந்துவிட்டன! ஊது, விடு, முடி, கட்டு, நெருக்கு, பிரி, முறுக்கு, மடி, பிணை, செருகு. பாதியை மூன்றாகப் பிரித்தால் ஆறில் ஒரு பங்கு என்ற பின்னக் கணக்கும் கையிலேயே இருக்கிறது. செய்து முடித்த மாணவன் பக்கத்திலிருப்பவனுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். பிறகு அதையே எழுதட்டும். "முதலில்", "பின்னர்", "இறுதியாக" என்பவை அவனுடைய எழுத்தில் பொருளோடு வந்து நிற்கும்.

"இது நேர விரயம், தேர்வுக்கு உதவுமா?" என்று சில பெற்றோர் கேட்கலாம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்த அச்சம் மட்டும் நம்மைவிட்டு நீங்கவில்லை. ஒழுங்காக வரிசைப்படுத்திப் பேசவும் எழுதவும் தெரிந்த பிள்ளை எந்தத் தேர்விலும் பின்தங்காது.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. ஊதாத பலூனும் உடைந்த துண்டும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். 8 வயதுக்குட்பட்டோர்க்கு இந்த ஆபத்து உண்டென்று பலூன் உறையில் எச்சரிக்கை அச்சிடுவதை அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. எனவே, ஆண்டு 3-லிருந்து தொடங்குவது நன்று. உடைந்த துண்டுகளை உடனே பொறுக்கிவிட வேண்டும். இரப்பர் ஒவ்வாமை உள்ள பிள்ளை வகுப்பில் உண்டா என்று முன்கூட்டியே பெற்றோரிடம் கேட்டறிய வேண்டும்; இருந்தால், வண்ணத்தாளை முறுக்கிப் பூச்செய்யலாம். வினைச்சொற்கள் பெரும்பாலும் அவையேதாம்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இந்தப் பலூன் பால்மரத்தின் பாலால் ஆனது. 1877-இல் இங்குக் கொண்டுவரப்பட்ட கன்றுகள் சிங்கப்பூரிலும் கோலகங்சாரிலும் நடப்பட்டன. பின்னர்ப் பெருகிய தோட்டங்களில் மரம் சீவியவர்கள் நம் முன்னோர். நம் தமிழ்ப்பள்ளிகள் பல பிறந்ததும் அத்தோட்டங்களில்தான்.

ஆசிரியர் நண்பர்களே, அடுத்த விழாவுக்கு மேடையில் கோணல்மாணலான பூக்கள் இருந்தாலும் இருக்கட்டும். பெற்றோர்களே, அவற்றைக் கண்டு முகஞ்சுளிக்காமல், "எப்படிச் செய்தாய், சொல்" என்று பிள்ளையிடம் தமிழில் கேளுங்கள். பூ மாலைக்குள் வாடினாலும் சொல் வாடாது.