ஓரிக்கையில் வைத்தியர் தேடுவது

ஓரிக்கை நெசவாளத் தோழர்கள் ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிந்தால்தான் அசலென்று ஒப்புக்கொள்ளுகிறவர்கள். ஆனால் வைத்தியர் தேடுவதில் மாத்திரம், ஊசி போடுகிறாரா, கைராசிக்காரரா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகின்றது. கைராசியாம்! ஜரிகைக்கு ராசி பார்ப்பதுண்டா என்று கேட்கின்றோம்.

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் வெகுநாள் வரையில் வலி காட்டாமலே இருதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுப்பவை. வலியில்லாததால் மந்திரித்த கயிறுகூடப் பலித்ததாகவே தோன்றும். இரத்தத்தையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்தாலன்றி உண்மை தெரியாது. எம்.பி.பி.எஸ். படித்தவரிடம் முதலில் காட்டுங்கள். சிக்கலானால், அதன்மேல் 3 வருஷம் பொது மருத்துவ எம்.டி. படித்தவரிடம் போங்கள். காஞ்சிபுரம் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போகுமென்பது மெய்தான். படுத்துவிட்டால் தறியே நின்றுவிடுமே!

மருந்துச் சீட்டில் வைத்தியர் தமது பதிவு எண்ணை எழுதவேண்டுமென்று 2002-ம் வருஷத்து விதியிருக்கின்றது. எண் எங்கேயென்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபிக்கிறவரிடம் கையை நீட்டாதீர்கள்.