பல் டாக்டருக்கு மட்டும் லேட்டரல் என்ட்ரி கிடையாதா?

தோழர்களே, ஆவடியில பாலிடெக்னிக் முடிச்ச ஒரு பையன் பி.இ. சேரணும்னா என்ன பண்றான்? நேரா இரண்டாம் வருஷம். படிச்சதையே அவனை மறுபடி படிக்கச் சொல்றதில்ல. என் கிளாஸ்லயே அப்படி வந்தவங்க இருந்தாங்க. மெஷின் லேப்ல எங்களுக்கே சொல்லிக்கொடுத்தது அவங்கதான்.

இப்போ பூந்தமல்லி ஹைரோடு பக்கம் வாங்க. வேலப்பன்சாவடியில பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. அங்கேயோ, பிராட்வே பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ 5 வருஷம் பி.டி.எஸ். முடிச்ச பொண்ணு, எம்.பி.பி.எஸ்.ஸும் படிக்கணும்னு ஆசைப்பட்டா?

மறுபடி நீட். மறுபடி பிளஸ் டூ பிசிக்ஸ். பாஸானாலும் முதல் வருஷத்துலருந்து இன்னொரு ஐந்தரை வருஷம்!

அவங்க பல்லை மட்டுமா படிச்சாங்க? உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல் எல்லாம் பி.டி.எஸ். பாடத்திட்டத்துல இருக்கு. மூன்றாம் வருஷத்துல பொது மருத்துவமும் பொது அறுவை சிகிச்சையும்கூட உண்டு. எம்.பி.பி.எஸ். அளவுக்கு ஆழம் இல்லைன்னு சொல்லுங்க, ஒத்துக்கறோம். அதுக்காக மொத்தத்தையும் பூஜ்ஜியம்னு எழுதுறது என்ன கணக்கு?

பிரிட்டன்ல முகம், தாடை அறுவை சிகிச்சை நிபுணர் ஆகணும்னா மருத்துவம், பல் மருத்துவம் இரண்டு பட்டமும் வேணும். ஜெர்மனியிலும் அப்படித்தான். அதனால லண்டன் கிங்ஸ் காலேஜ்ல பல் டாக்டர்களுக்குன்னே சுருக்கமான மருத்துவப் படிப்பு வெச்சிருக்காங்க. நம்ம நாட்டுல பி.டி.எஸ்., எம்.டி.எஸ். படிச்சே அந்த ஆபரேஷன்களைத் திறமையா செய்யறாங்க, அவங்களை நாம குறை சொல்லல. இன்னும் படிக்கணும்னு வர்றவங்களுக்குக் கதவு எங்கேன்னுதான் கேட்கிறோம்.

உண்மையான கூத்து இனிமேதான். 2020 நவம்பர்ல ஒன்றிய அரசின் கெஜட்ல ஒரு அறிவிப்பு வந்துச்சு. ஆயுர்வேத முதுநிலைப் பட்டதாரிகள் 58 வகை அறுவை சிகிச்சை செய்யலாமாம். அந்த லிஸ்ட்ல ரூட் கெனால் இருக்கு! அதுக்கு முன்னாடி 2017 மருத்துவ ஆணைய மசோதாவுல ஆயுஷ் டாக்டர்கள் அலோபதி மருந்து எழுத பிரிட்ஜ் கோர்ஸும் வெச்சாங்க. டாக்டர்கள் போராடின பிறகு 2018-ல அதைக் கைவிட்டாங்க. அவங்களுக்குப் பாலம் போட யோசிச்ச மூளைக்கு, அலோபதி மருந்தியலையே பாடமா படிச்ச பி.டி.எஸ். டாக்டர் மட்டும் ஞாபகம் வரலையா?

2019-ல மருத்துவத்துக்கு ஒரு ஆணையச் சட்டம், 2023-ல பல் மருத்துவத்துக்கு இன்னொண்ணு. இரண்டும் ஒரே அமைச்சகம். நுழைய மட்டும் ஒரே நீட்!

"பிளஸ் டூ பசங்க சீட்டு போயிடுமே"ன்னு ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அரசுப் பள்ளி மாணவர்களின் 7.5% உள் ஒதுக்கீட்டுல ஒரு சீட்டைக்கூடத் தொடக் கூடாது. இருக்கிற சீட்டுல பங்கு கேட்கல, பி.டி.எஸ். முடிச்சவங்களுக்குக் கூடுதலா கொஞ்சம் இடம் கேட்கிறோம். நீட் வேண்டாம், அவங்க பல்கலைக்கழக மார்க்கே போதும். படிச்ச பாடத்தைக் கழிச்சுட்டு மிச்சத்தை நடத்துங்க. அந்த விதியை எழுதுற உரிமையைத் தமிழ்நாட்டுக்குக் கொடுங்க.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பி.டி.எஸ். முடிச்ச தோழர்கள் இருந்தா கமென்ட்ல உங்க அனுபவத்தை எழுதுங்க.

#மாநில_உரிமை #நீட்_வேண்டாம்